சாமத்தில் வரும் முட்டு

(ரண்டர்ஸில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நல்ல நாளும் பெருநாளுமாக வருத்தத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறாளே என்று சிலர் நினைக்கக்கூடும். சங்கத்தார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எங்கட சனத்துக்குப் பிரயோசனமான ஒரு விசயம் சொல்லுங்கோ." நான் டொக்டர் இல்லை. இந்த நாட்டில் தாதியாகப் படித்து, மூச்சு வருத்தக்காரருடன் பல வருடம் வேலை செய்தவள். அந்த வேலையில் நான் அடிக்கடி கண்ட ஒரு விசயத்தைத்தான் இன்றைக்கு எடுத்திருக்கிறேன். ஆஸ்த்மா என்று இங்கே சொல்வதை ஊரில் தொய்வு என்போம், முட்டு என்போம், இழுப்பு என்போம். அந்த முட்டு ஏன் இரவில் வருகிறது? அதிலும் ஏன் விடியப்புறம் பார்த்து வருகிறது?

ஊரில் வயதானவர்களைக் கேட்டால் இதற்கு நேரமே சொல்லுவார்கள். "பகல் முழுக்க ஒண்டுமில்லை, சாமம் திரும்பினாப் பிறகுதான் தொடங்கும்" என்பார்கள். தலையணையை நிமிர்த்தி வைத்து, சுவரோடு சாய்ந்து, விடியும்வரை குந்தியிருந்தவர்களை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். பனி பட்டது, இரவில் வாழைப்பழம் சாப்பிட்டது, தயிர் சாப்பிட்டது என்று காரணமும் சொல்லுவார்கள். காரணம் சரியோ பிழையோ, நேரத்தை அவர்கள் பிழையாகச் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் ஜோன் ஃபுளோயர் என்று ஒரு வைத்தியர் இருந்தார். அவருக்கே தொய்வு. 1698ஆம் ஆண்டில் தொய்வைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தன் முட்டு இரவில், நித்திரையின் பிறகு வருவதை அதிலே குறித்து வைத்தார். 1988இல் மார்கரெட் ரேணர்-வோர்விக் என்ற வைத்திய நிபுணர் பிரித்தானியாவில் 7,729 ஆஸ்த்மா நோயாளரின் விபரங்களைத் திரட்டி வெளியிட்டார். அவர்களில் 74 வீதமானோர் கிழமைக்கு ஒரு தரமாவது இரவில் முட்டோடு எழும்பினார்கள். நூற்றுக்கு எழுபத்து நாலு பேர்! ஆகவே சாமத்தில் எழும்பியிருந்து இருமுகிறவர் தான் ஒருவர் மட்டும்தான் இப்படி என்று நினைக்கத் தேவையில்லை.

சுவாசக் குழாய்க்கும் ஒரு வற்றுப் பெருக்கு

கடலில் வற்றும் பெருக்கும் இருப்பதுபோல எங்கள் சுவாசக் குழாய்களுக்கும் இருக்கிறது. பின்னேரம் நாலு மணியளவில் அவை நன்றாக விரிந்திருக்கும். விடியப்புறம் நாலு மணியளவில் மிகவும் ஒடுங்கியிருக்கும். வருத்தம் இல்லாதவருக்கும் இது உண்டு. ஆனால் சுகமான ஒருவருக்கு இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 8 வீதம்தான். அது அவருக்குத் தெரியவே தெரியாது. தொய்வு கட்டுப்படாத ஒருவருக்கு அது 50 வீதம்வரை போகலாம். அதாவது பின்னேரம் ஊதக்கூடிய காற்றில் பாதியைத்தான் விடியப்புறம் அவரால் ஊத முடியும்.

ஏன் இப்படி? உடம்பிலே அழற்சியை அடக்கி வைக்கின்ற கோட்டிசோல் என்ற ஓமோன் நடுச்சாமத்தை அண்டித்தான் ஆகக் குறைவாக இருக்கிறது. சுவாசக் குழாயை விரித்து வைக்க உதவுகின்ற அட்ரினலின் விடியப்புறம் குறைந்து போகிறது. குழாயை ஒடுக்குகின்ற நரம்பின் வேலை இரவில் கூடுகிறது. இரவில் முட்டு வருகிறவர்களின் சுவாசப்பையில் அழற்சிக் கலங்களும் அந்த நேரத்தில் அதிகம். காவலாளிகள் இரண்டுபேர் ஒரே நேரத்தில் நித்திரைக்குப் போக, கள்ளன் உள்ளே வந்த கதைதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். "இரவிலைதானே படுக்கிறம்? படுக்கையிலை தூசி இருக்கு, அறை குளிர், நிமிர்ந்து படுத்தால் சளி இறங்குது. இதுகளாலை வரக்கூடாதோ?" வரலாம். ஆனால் அது மட்டும்தானா என்பதைப் பிரித்துப் பார்க்க நெடுங்காலம் முடியாமல் இருந்தது. 2021இல் அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்திலும் ஒறிகன் மாநிலத்திலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து அதைச் செய்து காட்டினார்கள். ஆஸ்த்மா உள்ள 17 பேரை ஆய்வுகூடத்தில் தங்க வைத்தார்கள். மங்கலான வெளிச்சம், மணிக்கூடு இல்லை, வெளியுலகத் தொடர்பு இல்லை. ஒரு கட்டத்தில் 38 மணித்தியாலம் அவர்களை நித்திரை கொள்ள விடாமல், ஒரே மாதிரி இருக்க வைத்து, ஒரே அளவான சாப்பாட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொடுத்துச் சோதித்தார்கள். இன்னொரு கட்டத்தில் ஒரு நாளை 28 மணித்தியாலமாக நீட்டி, நித்திரையையும் உடம்பு மணிக்கூட்டையும் வேறு வேறாகப் பிரித்தார்கள்.

என்ன கண்டார்கள்? படுக்காமலே, நித்திரை கொள்ளாமலே இருந்தும், உடம்பின் மணிக்கூட்டில் விடியப்புறம் நாலு மணி ஆனபோது மூச்சின் அளவு ஆகக் கீழே போனது. உடம்பின் இரவு நேரத்தில் அவர்கள் நீல ஸ்பிறேயை எடுத்தது பகல் நேரத்தைவிட நாலு மடங்கு. நித்திரையும் தன் பங்குக்கு மூச்சைக் குறைத்தது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? சுவாசம் ஏற்கனவே மோசமாக இருந்தவர்களுக்குத்தான் இந்த வீழ்ச்சியும் பெரிதாக இருந்தது.

கலத்துக்குள் ஒரு மணிக்கூடு

உடம்பு மணிக்கூடு என்று சொல்லுவது வெறும் பேச்சுக்கு இல்லை. மூளையின் அடியில், கண் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்கு மேலே, நெல் மணியிலும் சின்ன ஒரு பகுதி இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைச் சரிபார்க்கிறது. அதைவிட, உடம்பின் அநேகமாக ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு குட்டி மணிக்கூடு இருக்கிறது. சுவாசப்பைக் கலத்துக்குள்ளும் இருக்கிறது.

அந்த மணிக்கூட்டின் பற்சில்லுகள்தான் பரம்பரை அலகுகள். 1971இல் அமெரிக்காவில் பழ ஈக்களை வைத்து இப்படியான முதல் பரம்பரை அலகைக் கண்டு சொன்னார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிய ஜெஃப்றி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வேலை செய்யும் விதம் எளிது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் நிரம்ப மிதவை உயர்ந்து மோட்டாரை நிற்பாட்டும். தண்ணீர் செலவாகி இறங்க மோட்டார் திரும்ப ஓடும். அதுபோல இந்தப் பரம்பரை அலகு ஒரு புரதத்தைச் செய்யும். புரதம் கூடக்கூட, அதுவே போய்த் தன்னைச் செய்த அலகை நிற்பாட்டும். புரதம் சிதைந்து குறைய, அலகு திரும்ப வேலையைத் தொடங்கும். இந்தச் சுற்று ஒரு தரம் சுற்றி வர ஏறக்குறைய 24 மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் ரண்டர்ஸில் இருந்தாலும் இது சுற்றும்.

ஆனால் சரிபார்க்கும் வெளிச்சம் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. ஊரில் வருடம் முழுக்கப் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமன். இங்கே மார்கழியில் பகல் ஏழு மணித்தியாலம், ஆனியில் பதினேழுக்கும் மேலே. அதோடு எங்களில் எத்தனையோ பேர் இரவு வேலை செய்தவர்கள், இன்றும் செய்கிறவர்கள். 2021இல் பிரித்தானியாவில் 286,825 பேரின் விபரங்களை ஆராய்ந்தபோது, தொடர்ந்து இரவு வேலை செய்கிறவர்களுக்கு மிதமான அல்லது கடுமையான ஆஸ்த்மா இருக்கும் வாய்ப்பு பகல் வேலைக்காரரைவிட 36 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. இரவு வேலைதான் நோயைத் தந்தது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் முட்டும் உள்ளவர், இரவு வேலையும் செய்கிறவர் என்றால் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

பரம்பரை என்றால் தலையெழுத்து அல்ல

இனி, நாங்கள் மெதுவான குரலில் மட்டும் கதைக்கிற விசயத்துக்கு வருகிறேன். "அது அவையின்ரை பரம்பரை வருத்தம்" என்று சொல்லிக் கலியாணப் பேச்சையே நிற்பாட்டுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் பிள்ளையின், சிறப்பாகப் பெண்பிள்ளையின் இருமலை மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் ஸ்பிறேயைக்கூட லாச்சிக்குள் ஒளித்து வைப்பார்கள்.

பரம்பரைக்கு இதில் பங்கு இருப்பது உண்மை. அதை அழகாகக் காட்டிய ஆய்வு இந்த நாட்டில் நடந்ததுதான். ஓடென்சே நகரில் டென்மார்க்கின் இரட்டையர் பதிவேடு இருக்கிறது. 1954இல் தொடங்கியது. அதிலிருந்து 11,688 சோடி இரட்டையர்களை எடுத்து ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். ஆஸ்த்மா வரக்கூடிய தன்மையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 73 வீதம் பரம்பரையால் என்று கணக்கிட்டார்கள்.

இந்த 73ஐப் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது. தாய்க்கு முட்டு இருந்தால் பிள்ளைக்கு நூற்றுக்கு எழுபத்து மூன்று வாய்ப்பு என்பது இதன் பொருள் அல்ல. உருவத்தில் ஒன்றுபோல உள்ள இரட்டையரில்கூட ஒருவருக்கு வருத்தம் இருக்க மற்றவர் சுகமாக இருப்பதும் உண்டு. விதை ஒன்று, மண் வேறு.

இரவு முட்டுக்கென்று ஒரு பரம்பரை அலகு இருக்கிறதா என்றும் தேடினார்கள். 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில், இரவில் முட்டு வருகிற 23 பேரையும் இரவில் வராத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். அட்ரினலினை ஒரு திறப்பு என்று வைத்துக்கொண்டால், சுவாசக் குழாயில் அதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. நீல ஸ்பிறே வேலை செய்வதும் அதே பூட்டில்தான். அந்தப் பூட்டைச் செய்கின்ற அலகில் சின்ன வித்தியாசங்கள் உண்டு. ஒரு வகையில், பூட்டுகள் இலகுவில் எண்ணிக்கையில் குறைந்து போகும். அந்த வகை, இரவில் முட்டு வருகிறவர்களிடம் ஏறக்குறைய 80 வீதமும் மற்றவர்களிடம் 52 வீதமும் இருந்தது. அட்ரினலினும் குறைகிற நேரத்தில் அதற்கான பூட்டும் குறைந்தால் என்னாகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆனால் 45 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. 52 வீதம் என்பதையும் கவனியுங்கள். அதே அலகை வைத்துக்கொண்டு இரவெல்லாம் நிம்மதியாக நித்திரை கொள்கிறவர்களும் நிறைய. ஆஸ்த்மாவில் பங்குள்ள பரம்பரை அலகுகள் ஒன்றிரண்டு அல்ல, ஏராளம். 2014இல் கொப்பன்ஹேகனில் குழந்தைகளை ஆராய்ந்த குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். அது சிறு வயதில் தடிமன் வைரசோடு வருகிற கடும் முட்டோடு சம்பந்தப்பட்டது. இப்படி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் ஒருவரின் தன்மை அமைகிறது. "எங்கட குடும்பத்திலை அந்தக் குறை இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்த யாராலும் முடியாது.

எங்கள் கையில் உள்ளது

அலகுகளை மாற்ற முடியாது. மணிக்கூட்டையும் நிற்பாட்ட முடியாது. ஆனால் அந்த நாலு மணிப் பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்கலாம்.

முதலில் படுக்கையறை. கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் மெத்தையிலும் தலையணையிலும் வாழும். அவைக்கு ஈரப்பதன் வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஓகூஸில் யென்ஸ் கோஸ்கோர் என்ற வைத்தியர் 1980களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தார். உண்ணி ஒவ்வாமையால் ஆஸ்த்மா உள்ளவர்களின் வீடுகளில் ஈரமும் கூட, உண்ணியும் கூட என்று காட்டினார். குளிர்காலத்தில் வீட்டின் ஈரப்பதனை 45 வீதத்துக்குக் கீழே வைத்தால் உண்ணி பெருகாது. நாங்கள் என்ன செய்கிறோம்? ஹீற்றர் காசுக்குப் பயந்து யன்னலைப் பூட்டி வைத்து, படுக்கையறையிலேயே உடுப்புக் காயப்போட்டு, குசினியில் கதவைத் திறந்து வைத்துச் சோறு வடிக்கிறோம். நாளுக்கு இரண்டு மூன்று தரம், ஐந்து பத்து நிமிடம், யன்னலை அகலத் திறந்து விடுங்கள். சாம்பிராணிப் புகையும் மிளகாய் பொரிக்கிற புகையும் முட்டுக்காரர் படுக்கிற அறைக்குப் போகாமல் பாருங்கள். வீட்டுக்குள் சிகரெட் வேண்டவே வேண்டாம்.

எங்கள் புத்தாண்டு பிறக்கிற நேரத்தில்தான் இங்கே பிர்க் மரத்தின் மகரந்தமும் பறக்கத் தொடங்கும். வீபோவிலும் கொப்பன்ஹேகனிலும் அதை அளந்து அறிவிக்கிறார்கள். கூடிய நாட்களில் கட்டிலுக்குப் போகமுன் தலையைக் கழுவி, வெளியில் போட்ட உடுப்பை அறைக்கு வெளியே வையுங்கள்.

அடுத்தது மருந்து. நீல ஸ்பிறே குழாயை விரிக்கும், அழற்சியை ஆற்றாது. ஆற்றுவது தினமும் இழுக்கின்ற தடுப்பு மருந்து. "ஸ்ரெறொயிட் எண்டால் உடம்பு ஊதும்" என்று பயந்து அதை விட்டுவிட்டு, நீலத்தை மட்டும் நம்பியிருக்கிறவர்கள் எத்தனை பேர்! இழுக்கிற மருந்தின் அளவு மிகச் சிறிது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்தால் போதும். 2019ஆம் ஆண்டிலிருந்து, வளர்ந்தவர்களும் இளையோரும் நீலத்தை மட்டும் வைத்துச் சமாளிக்கக் கூடாது என்றுதான் உலக ஆஸ்த்மா வழிகாட்டலே சொல்கிறது. எந்த நேரத்தில் இழுத்தால் நல்லது என்பதையும் ஆராய்கிறார்கள். 2025இல் மன்செஸ்ரரில் 25 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பின்னேரம் மூன்று நாலு மணிக்கு எடுத்த தடுப்பு மருந்து இரவு மூச்சுக்குக் கூடுதலாக உதவியது. கேட்க நல்ல செய்தி. ஆனால் டொக்டரைக் கேளாமல் நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. டொக்டர் உங்களைப் பார்ப்பது பகலில். அநேகமாக உங்கள் குழாய் நன்றாகத் திறந்திருக்கிற நேரத்தில். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டால் ஒரு சத்தமும் இராது. நோய் நாலு மணிக்கு வந்து போய்விட்டது. இதில் இன்னொரு சிக்கல். 1980களில் வந்த பெரியவர்கள் பலருக்கு இன்றும் பிள்ளையோ பேரப்பிள்ளையோதான் மொழிபெயர்ப்பு. அம்மம்மா சொல்லுவா, "சாமத்திலை இருமல் எழுப்பிப் போடுது, பிறகு விடியுமட்டும் இருக்கிறன்." பேரப்பிள்ளை டெனிஷில் சொல்லும், "அவவுக்கு இருமல்." சாமம் அங்கே விழுந்து போச்சுது. டொக்டருக்கு வேண்டியது அந்தச் சாமம்தான். இரவில் எழும்புவது நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு முக்கியமான அடையாளம்.

ஆகவே எழுதிக்கொண்டு போங்கள். ஊதிப் பார்க்கின்ற சின்னக் கருவியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கிழமைக்குக் காலையும் மாலையும் ஊதி, எண்ணைக் கொப்பியில் குறியுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எத்தனை தரம் நீலத்தை இழுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கொப்பிக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. இலக்கம் எல்லோருக்கும் விளங்கும்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீடுகளில் நான் மிகவும் பயப்படுகிற வசனம், "விடியட்டும், பாப்பம்" என்பது. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் அக்கம்பக்கம் எழும்பும், இந்த நேரத்தில் அவர்களுக்குக் கரைச்சல் கொடுப்பதா என்ற கூச்சம். ஆனால் நீங்கள் விடியலுக்காகக் காத்திருக்கிற அந்த நேரம்தான் குழாய் ஆக ஒடுங்குகிற நேரம். ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லையா, உதடு நீலம் பாரிக்கிறதா, பிள்ளையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளுக்கு இழுபடுகிறதா, நீல ஸ்பிறே இழுத்தும் ஆறுதல் இல்லையா, உடனே 112. இருக்க வைத்து, ஸ்பிறேயைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டு கூப்பிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இங்கே இருக்கின்ற இளம் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போய் அம்மம்மா, அப்பப்பா, அம்மா, அப்பா எல்லோரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன கிழமை எத்தனை இரவு எழும்பி இருந்தனீங்கள்?" சும்மா ஒன்றிரண்டு தரம் என்று சொல்லிச் சமாளிப்பார்கள். விடாதேயுங்கோ, திரும்பக் கேளுங்கோ. அடுத்த முறை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது அந்தப் பதிலை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயருங்கள்.

பிறந்திருக்கின்ற ஆண்டில் எல்லோர் வீட்டிலும் இரவு நித்திரை நிம்மதியாக அமையட்டும்.